ஏற்றத்தை வண்டி பார்க்கும், இறக்கத்தை நாம் பார்க்க வேண்டும்

மலைநாட்டில் ஒட்டோ கியர் கெப் வண்டி ஓட்டுவோருக்குச் சில அனுபவக் குறிப்புகள்

மண்ணை விட்டு எழும்பி வந்த குடும்பத்துக்கு முதலில் வேண்டியது கூரை, அடுத்தது தண்ணீர். மூன்றாவதாக என்ன வேண்டும் என்று கேட்டால், எங்களில் பலர் யோசிக்காமல் ‘வண்டி’ என்பார்கள். காரணம் எளிது. முன்பு லயத்துக்குப் பின்னாலேயே மரக்கறித் தோட்டம் இருந்தது. விடியற்காலையில் இறங்கி லீக்ஸ் பிடுங்கி, கழுவி, கட்டி, தலையில் சுமந்து றோட்டுக்கு வந்துவிடலாம். இடம்பெயர்ந்த பிறகு வீடு ஒரு மலையில், மண் வேறொரு மலையில் என்றாகிவிட்டது. கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக எழும்பியவர்களுக்கும், தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக வீடு மாறியவர்களுக்கும், 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை மண்சரிவில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைகளைச் சரித்தபோது வீட்டை விட்டு ஓடியவர்களுக்கும் இந்தத் தூரம் நன்றாகத் தெரியும்.

எங்கள் 9 குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய கெப் வண்டியை வாங்கினோம். பாதிப் பணம் சேமிப்பு, பாதி கடன். கரட்டையும் கோவாவையும் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்கும், விலை ஏறும் நாட்களில் இறம்பொடை, கம்பளை, கண்டி வழியாகத் தம்புள்ளைக்கும் நாங்களே கொண்டுபோவது எண்ணம். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அதற்குக் கிளச் இல்லை. எல்லோரும் ‘ஒட்டோ கியர்’ என்று சொல்லும் வகை.

இந்தக் கட்டுரை அந்த வண்டியை நாங்கள் பழகிக்கொண்ட கதை. எங்களைப் போல இரவல் காணியில் பயிர் செய்து, பழைய வண்டியில் பாரம் ஏற்றும் குடும்பங்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு வண்டியில் ஏறினால் எங்களுக்குத் திருப்தி.

இறம்பொடைக்குக் கீழே ஒரு வாடை

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். வண்டி வாங்கிய இரண்டாம் வாரம், கோவா மூட்டைகளுடன் மூவர் கம்பளைப் பக்கம் இறங்கினோம். ஓட்டியவர் பல வருடம் லொறி ஓட்டிய அனுபவசாலி. கியர்க் கம்பை ‘டி’ என்ற எழுத்தில் வைத்தார். பிறகு அதைத் தொடவே இல்லை. வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்தபடியே வந்தோம். இறம்பொடைக்குக் கீழே வரும்போது நடுவில் இருந்த தம்பி, “அண்ணே, என்னமோ கருகுற வாடை வருது” என்றார். “முன்னால போற பஸ்ஸா இருக்கும்” என்றார் சாரதி. அடுத்த வளைவில் பிறேக் மிதி வழக்கத்தை விட ஆழமாக இறங்கியது. அதற்கடுத்த வளைவில் அதைவிட ஆழம். நல்ல வேளையாக அகலமான இடம் ஒன்று வந்தது. ஓரமாக நிறுத்தினோம். முன்சில்லுகளில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த வழியே வந்த ஒரு வேன் சாரதி இறங்கி வந்து கியர்க் கம்பைப் பார்த்தார். “இவ்வளவு பாரத்தோட டி-யில விட்டா வருவீங்க? ரெண்டுல போடுங்கண்ணே” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கட்டுரையின் சாரமும் அந்த ஒரு வரிதான். மிச்சம் எல்லாம் அது ஏன் என்ற விளக்கம்.

அந்த வீதி எப்படிப்பட்டது என்பதை நாம் மறந்துவிட முடியாது. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இதே பாதையில்தான். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர் வந்த பஸ், ஒரு வேன், ஒரு முச்சக்கரவண்டி ஆகியன மோதியதில் 7 உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் எங்கள் மலைகளில் ஒரு சாரதியின் சிறு தவறுக்கும் பெரிய விலை உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

கிளச் எங்கே போனது?

சாதாரண வண்டியில் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச். ஒட்டோ கியரில் அந்த இடத்தில் எண்ணெய் நிறைந்த வட்டமான ஒரு பாத்திரம் இருக்கிறது. அதற்குள் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு விசிறிகள். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றும். அது எண்ணெயைத் தள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் மற்ற விசிறியைச் சுற்றும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், மற்றதும் காற்றில் மெல்லச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம். ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மனியப் பொறியியலாளர் 1905இல் இதைக் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல், 1940ஆம் ஆண்டு ஒல்ட்ஸ்மொபில் கார்களில், முழுவதும் தானாகக் கியர் மாறும் பெட்டியைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அந்த விசிறிகளுக்குப் பின்னால் பற்சக்கரங்கள் உண்டு. எந்தச் சக்கரத்தைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை எண்ணெயின் அழுத்தமே தீர்மானிக்கிறது. பிந்திய வண்டிகளில் சிறு கணினியும் சேர்ந்துகொள்கிறது. வேகத்தையும், நாம் அக்சலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதையும் பார்த்து அது கியரைக் கூட்டும், குறைக்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏற்றத்தில் நாம் அக்சலேட்டரை மிதிக்கிறோம். பெட்டி அதைப் பார்த்து, ‘பாரம் அதிகம்’ என்று புரிந்துகொண்டு கியரைக் குறைக்கிறது. இறக்கத்தில் நாம் காலை எடுத்துவிடுகிறோம். வண்டி தானாகவே வேகம் கூடுகிறது. பெட்டி அதைப் பார்த்து, ‘வேலை குறைவு, வேகம் அதிகம்’ என்று எண்ணி மேல் கியருக்குப் போய்விடுகிறது. அதாவது எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டிய நேரத்தில், அது கையை விட்டுவிடுகிறது. முழுச் சுமையும் பிறேக்கின் தலையில் விழுகிறது. புதிய சில வண்டிகளில் பெட்டியே இறக்கத்தை உணர்ந்து கியரைக் குறைக்கும். எங்கள் கைக்கு வருவது பழைய வண்டிகள். அவற்றை நம்பியிருக்க முடியாது.

எழுத்துகளைப் பாடமாக்குவோம்

கியர்க் கம்பின் ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்காக நாங்கள் ஒரு மட்டையில் தமிழில் எழுதி வண்டியில் ஒட்டியிருக்கிறோம்.

‘பி’ என்பது நிறுத்தி வைக்க. ‘ஆர்’ என்பது பின்னால் போக. ‘என்’ என்பது நியூட்ரல். ‘டி’ என்பது முன்னால் ஓட. அதற்குக் கீழே ‘3’, ‘2’ என்ற இலக்கங்களும், ‘எல்’ அல்லது ‘1’ என்பதும் வரும். ‘2’ என்றால் பெட்டி இரண்டாம் கியருக்கு மேலே போகாது. ‘எல்’ என்றால் முதலாம் கியரிலேயே நிற்கும். சில வண்டிகளில் கம்பின் பக்கத்தில் ‘ஓ டி’ என்ற சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் முன்பலகையில் ஒரு விளக்கு எரியும். கடைசி உயர் கியர் தடுக்கப்படும். வேறு சில வண்டிகளில் கம்பை ஒரு பக்கம் தள்ளிக் கூட்டல், கழித்தல் குறிகளால் கியரை நாமே தெரிவு செய்யலாம். எந்த வகையாக இருந்தாலும், இறக்கத்தில் நமக்கு வேண்டியது இந்தக் கீழ்ப்பகுதிதான்.

எழுத்துகள் இந்த வரிசையில் இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவின் பல கார்களில் ‘எல்’லுக்கு அடுத்ததாகவே ‘ஆர்’ இருந்தது. முன்னால் மெல்லப் போக நினைத்தவர்கள் கம்பைச் சற்றே அதிகமாகத் தள்ளியதும் பின்னால் போனார்கள். ரால்ஃப் நாடர் 1965இல் கார்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய பிரசித்தமான நூலில் இதையும் கண்டித்தார். பின்னர், முன்னால் போவதற்கும் பின்னால் போவதற்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும் என்பது அங்கே விதியாயிற்று. எழுத்தை மாற்றிப் போடுவது எவருக்கும் நேரக்கூடியது. ஆகையால் ஒவ்வொரு முறையும் பிறேக்கை மிதித்துக்கொண்டு, எழுத்தைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகே காலை எடுப்பது எங்கள் வழக்கம்.

இடது காலுக்கு ஓய்வு

பழைய சாரதிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. வண்டி வேகம் குறையும்போது அவர்களின் இடது கால் தன்னையறியாமல் கிளச்சைத் தேடிப் பலமாக மிதிக்கும். ஒட்டோ கியரில் அந்த இடத்தில் அகன்ற பிறேக் மிதி இருக்கும். வண்டி திடீரென்று நின்று, பின்னால் இருக்கும் மூட்டையும் ஆளும் முன்னால் வந்துவிடும். ஆகையால் இடது காலை இருக்கைக்கு அருகே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறேக்குக்கும் அக்சலேட்டருக்கும் வலது கால் ஒன்றே போதும். குதிக்கால் பிறேக்குக்கு நேராக இருக்கட்டும். அக்சலேட்டருக்குப் பாதத்தைத் திருப்பினால் போதும்.

இன்னொன்று. ‘டி’யில் போட்டுப் பிறேக்கை விட்டதுமே, அக்சலேட்டரைத் தொடாமலே வண்டி நகரும். லயத்து முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இது ஆபத்து. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கம்பு ‘டி’யிலோ ‘ஆர்’ரிலோ இருக்க, மூட்டை இறக்க என்று சாரதி ஒருபோதும் இறங்கக் கூடாது.

ஏற்றத்தில்

ஏற்றம் ஒட்டோ கியருக்குச் சொந்த வீடு. கிளச் கருகாது, பாதி வழியில் நின்று மீண்டும் புறப்படுவதும் எளிது. எனினும் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

செங்குத்தான தோட்டப் பாதையில் பெட்டி இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் மாறி மாறித் தடுமாறினால், நாமே ‘2’இல் போட்டுவிட வேண்டும். அடிக்கடி மாறுவது எண்ணெயைச் சூடாக்கும். சூடான எண்ணெய் பெட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

ஏற்றத்தில் நிற்கும்போது பின்னால் உருளாமல் இருக்க அக்சலேட்டரை மெல்ல மிதித்துப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். விசிறிகளுக்கிடையே எண்ணெய் வீணாகக் கடைந்து கொதிக்கும். ஹான்ட் பிறேக் அதற்காகத்தான் இருக்கிறது.

பாரத்தோடு பின்னால் உருளத் தொடங்கிய வண்டியை ‘டி’யில் போட்டு இழுத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. முதலில் பிறேக், வண்டி முழுவதும் நின்ற பிறகே கியர்.

இறக்கத்தில்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை ஏறத்தாழ 500 மீற்றர். இடையே 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். பாரத்தோடு இரண்டரைத் தொன் நிறையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, ஏறத்தாழ 90 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யாராவது ஏற்க வேண்டும். எஞ்சின் ஏற்காவிட்டால், கையளவு பிறேக் லைனிங்குகள்தான் ஏற்க வேண்டும். எங்கள் சில்லுகளில் ஏன் புகை வந்தது என்பது இப்போது விளங்கும்.

பிறேக் எண்ணெய்க்கும் ஓர் எல்லை உண்டு. டொட் 3 என்று போத்தலில் எழுதியிருக்கும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. பனியும் மழையும் ஓயாத எங்கள் பக்கத்தில் இந்த எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவது அவசியம். ஒரு மூட்டை கரட் விலைக்கு இந்த வேலை முடியும் என்றால் தயங்கவே கூடாது.

இனி, இறங்கும் முறை. ஒரு மலையில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வார்கள். ஒட்டோ கியருக்கும் அது பொருந்தும்.

1. இறக்கம் தொடங்கும் முன்பே பிறேக்கால் வேகத்தைக் குறைத்து, கம்பை ‘2’இல் போடுங்கள். வேகம் பிடித்த பிறகு போட்டால் எஞ்சின் அலறும், அதற்கும் கேடு.

2. ‘2’இலும் வண்டி வேகம் பிடித்தால், மீண்டும் பிறேக்கால் நன்றாகக் குறைத்துக்கொண்டு ‘எல்’லுக்கு வாருங்கள். தோட்டங்களின் கொங்கிறீட் இறக்கங்களில் ‘எல்’ தான் பொருத்தம்.

3. பிறேக்கை இடைவிடாமல் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். வேகம் கூடியதும் சற்றுப் பலமாக மிதித்துக் குறைத்துவிட்டு, முழுவதும் விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் அது ஆறும்.

4. மழையில் அல்லது தேயிலைத் தூளும் சேறும் கிடக்கும் வீதியில் திடீரென ‘எல்’லுக்கு இறக்காதீர்கள். வெறும் கெப் வண்டியின் பின்பக்கம் இலேசானது. பின்சில்லு வழுக்கி வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

5. கருகும் வாடை வந்தால் முன்னால் போகும் பஸ்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். சமதரையில் நிறுத்தி ஆற விடுங்கள். சூடான பிறேக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரும்பு வெடிக்கலாம் அல்லது கோணலாகலாம்.

எஞ்சின் சத்தம் கூடுகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பயமில்லை. அந்தச் சத்தம் எஞ்சின் நமக்காக வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம்.

நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமா?

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் படுத்த நாட்களும், பிறகு வந்த கியூ ஆர் பங்கீடும் எங்கள் மனத்தில் பதிந்திருக்கின்றன. ஒரு லீற்றரின் அருமை தெரிந்த சாரதி, இறக்கத்தைக் கண்டதும் கம்பை ‘என்’னுக்குத் தள்ளி உருள விடுகிறார். இது இரண்டு வகையில் தவறு.

முதலாவது, எஞ்சினின் பிடி முழுவதும் போய்விடுகிறது. அதன் விளைவை மேலே சொன்னோம். இரண்டாவது, மிச்சமும் இல்லை. எரிபொருளை ஊசிமூலம் தெளிக்கும் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி அக்சலேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்தப்படுகிறது. சில்லுகளே எஞ்சினைச் சுற்றுகின்றன. ‘என்’னில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். சாவியை அணைத்துவிட்டு உருள்வது இன்னும் மோசம். ஸ்டேரிங் கனமாகும், இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிறேக் கல்லாகும், கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் அனுப்பும் பம்பும் நின்றுவிடும்.

இதே காரணத்தால், பழுதான ஒட்டோ கியர் வண்டியைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. இயங்கும் சில்லுகளைத் தரையிலிருந்து தூக்கி இழுக்க வேண்டும், அல்லது லொறியில் ஏற்ற வேண்டும். பெற்றறி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. ஆகவே மேலதிகமாக ஒரு பெற்றறி வயர் வண்டியில் இருக்கட்டும்.

சரிவில் நிறுத்தும்போது

‘பி’யில் போட்டால் வண்டி நகராது என்பது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. ‘பி’யில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் விரலளவு உருக்குப் பல் ஒன்று. பாரம் முழுவதையும் அதன்மேல் தொங்கவிட்டால், மறுபடி எடுக்கும்போது ‘டக்’ என்று இடிக்கும், காலப்போக்கில் தேயும். கம்பு ‘பி’யில் சரியாக விழாமல் பாதியில் நின்றால் அதைவிட ஆபத்து. 1970களின் ஃபோர்ட் வண்டிகளில் கம்பு ‘பி’யிலிருந்து ‘ஆர்’ருக்கு நழுவுவதாக அமெரிக்காவில் ஏராளமான முறைப்பாடுகள் எழுந்தன. 1980இல் எட்டிய உடன்பாட்டின்படி, 2 கோடிக்கும் அதிகமான வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கைத் துண்டுகள் அனுப்பப்பட்டன. நன்றாகப் போடுங்கள், ஹான்ட் பிறேக்கை இழுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள் என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம்.

நாங்கள் பின்பற்றும் ஒழுங்கு இது: பிறேக்கை மிதித்து நிறுத்துவது, ‘என்’னில் போடுவது, ஹான்ட் பிறேக்கை இறுக இழுப்பது, பிறேக் மிதியை மெல்ல விட்டு, பாரம் ஹான்ட் பிறேக்கில் தங்குகிறதா என்று பார்ப்பது, மீண்டும் மிதித்துக்கொண்டு ‘பி’யில் போடுவது, எஞ்சினை நிறுத்துவது. பிறகு முன்சில்லை மலைப்பக்க மண்மேட்டை நோக்கித் திருப்பி வைத்து, சில்லுக்கு முட்டுக்கட்டை கொடுப்பது. கல் உருளும், ஆகையால் முக்கோணமாக அறுத்த இரண்டு மரக்கட்டைகள் எங்கள் வண்டியில் எப்போதும் உண்டு. எங்கள் வீடுகளுக்கு மேலே வீதி. வீதிக்குக் கீழே கூரைகள். நிறுத்திய வண்டி உருண்டால் அது யாருடைய கூரையில் விழும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், கட்டை வைக்க யாரும் சோம்பமாட்டார்கள்.

பிறேக் போய்விட்டால்

இப்படி ஒரு நிலை வரவே கூடாது. வந்தால் யோசிக்க நேரம் இருக்காது. ஆகையால் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்வோம். மிதியைப் படபடவென்று பல தடவை மிதியுங்கள். சில சமயம் அழுத்தம் திரும்பும். கம்பை ‘2’, பிறகு ‘எல்’ என்று படிப்படியாக இறக்குங்கள். இந்த ஒரு நேரத்தில் எஞ்சின் அலறினால் அலறட்டும். ஹான்ட் பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு பூட்டிக்கொள்ளும். ஹோர்னை விடாமல் அடியுங்கள். எஞ்சினை நிறுத்தாதீர்கள். ‘பி’யிலோ ‘ஆர்’ரிலோ போடாதீர்கள், ஓடும் வண்டியை அவை பிடிக்கமாட்டா. வேறு வழியில்லை என்றால் பள்ளத்தை விட்டு விலகி, மலைப்பக்க மண்மேட்டோடு உரசி நிறுத்துங்கள். வண்டியின் தகடு போகும், உயிர் நிற்கும்.

வாங்குவதற்கு முன்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே கைமாறி ஓடின. எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதும் அவைதான். ஒட்டோ கியர்ப் பெட்டி பழுதானால் திருத்தும் செலவு சாதாரணப் பெட்டியை விடப் பெரிது. ஆகையால் பணம் கொடுக்கும் முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். நாமும் சிலவற்றைப் பார்க்கலாம்.

பெட்டியின் எண்ணெயை அளக்கும் கோல் உள்ள வண்டியானால், சமதரையில், எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, கம்பை எல்லா எழுத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’க்குத் திரும்பி, கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பொதுவாகச் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, கருகிய வாடை வீசினால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. பிறேக்கை மிதித்துக்கொண்டு ‘என்’னிலிருந்து ‘டி’க்குப் போடும்போது ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். பலமாக இடித்தாலும், நெடுநேரம் யோசித்தாலும் கோளாறு உண்டு. ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடி வண்டி வேகம் கூடாவிட்டால் உள்ளே வழுக்குகிறது. இறக்கத்தில் ‘2’, ‘எல்’ இரண்டும் உண்மையில் பிடிக்கின்றனவா என்றும் பாருங்கள். எங்களுக்கு இதுவே முதலாவது பரீட்சை.

எண்ணெய் மாற்றும்போது வண்டிக்குக் குறித்த வகையையே ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு வகையைக் கலப்பது, பசளை என்று சொல்லி மண்ணுக்கு உப்பைப் போடுவது போலத்தான்.

யார் ஓட்டுவது?

கடைசியாக ஒரு செய்தி. எங்கள் வண்டியை இப்போது நான்கு பேர் ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் கொழுந்து பறித்துப் பழகிய ஒரு தங்கை. கிளச் வண்டியைத் தொட்டதே இல்லை. அதனால் மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. எழுத்துகளை மட்டையில் பார்த்துப் பாடமாக்கினார். முதலில் சமதரையில், பிறகு வெறும் வண்டியில், பிறகு பாதிப் பாரத்தில் என்று பழகினார். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் மருத்துவச் சான்றிதழ் பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பரீட்சைகளிலும் சித்தியடைந்தார். இன்று இறக்கத்தில் மிக நிதானமாக வருபவர் அவர்தான். “கியர் மாத்துற தொல்லை இல்லைன்னு நெனச்சா தப்பு அண்ணே. ஏறும்போது அது மாத்தும். எறங்கும்போது நாமதான் மாத்தணும்” என்று எங்கள் பழைய லொறி அண்ணனுக்கே பாடம் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

இதைப் படிக்கும் குடும்பங்களில் வண்டி இல்லாதவர்களே அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களும் யாரோ ஒருவரின் கெப் வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே, வீடு திரும்புகிறவர்கள்தான். கருகும் வாடை வந்தால் சாரதியிடம் சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு. இறம்பொடைக்குக் கீழே அன்று அந்தத் தம்பி வாயைத் திறந்ததால்தான் நாங்கள் மூவரும் வீடு வந்து சேர்ந்தோம். மண்ணை ஒருமுறை இழந்தவர்கள் நாம். மலையிறங்கும் ஒரு வளைவில் இன்னும் எதையும் இழக்க வேண்டாம்.